கண் கெட்டுப்போகுமா, சிஸ்டர்?



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆராதனை முடிந்து, வெயிலுக்கு ஒதுங்கி, டீயும் சமோசாவுமாக நின்றுகொண்டிருந்தோம். நம் சபை ஆன்ட்டி ஒருவர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் மகனுக்குப் பதிமூன்று வயது ஆகப்போகிறது. பிறந்தநாளுக்கு ஒரே ஒரு பொருள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம். கையில் பிடித்துக்கொண்டே கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர்.

"விலையை விடுங்க. கண் கெட்டுப்போகாதா, சிஸ்டர்? நீங்க நர்ஸ். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரணம், அந்தப் பொருள் எங்கள் ஃப்ளாட்டில் ஒன்றரை வருடமாக இருக்கிறது. "அப்புறம் சொல்றோம் ஆன்ட்டி" என்று மழுப்பிவிட்டு பஸ் பிடித்தோம். அந்த மழுப்பலுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறோம்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் மூன்று நர்ஸ்கள், ஷார்ஜாவில் ஒரே ஃப்ளாட். ஒருத்தி பாளையங்கோட்டை, ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி தூத்துக்குடி. மூவருமே முப்பதைத் தாண்டியாயிற்று. எழுதுவது ஒருத்தி, மற்ற இருவர் தோளுக்குப் பின்னால் நின்று "அதை எழுதாதே", "இதை விட்டுட்டியே" என்பார்கள். ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதிவருகிறோம். இந்த முறை அந்த 'நாங்கள்' கொஞ்சம் வசதியாகவும் இருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எங்களிடம் இருப்பது ஸ்டீம் டெக். வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. முதலில் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்றுதான் அனுப்பினார்கள். நம் வளைகுடா அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே கடைகளில் இருந்ததெல்லாம் யாரோ வெளியிலிருந்து வரவழைத்தது. எங்களுக்கு அது வந்த வழி வேறு. எங்களோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் சகோதரி ஒருவர் விசாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஊர் திரும்புகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. ரைஸ் குக்கர், கட்டில், மைக்ரோவேவ், திரைச்சீலை என்று எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் விலை போடுவார்கள். நாங்கள் ரைஸ் குக்கர் வாங்கத்தான் போனோம். பேசிக்கொண்டே இருந்ததில் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மூன்று பேர் பங்கு.

பார்க்க ஒரு நீளமான டிபன் தட்டு மாதிரி இருக்கும். நடுவில் ஏழு அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். எடை 669 கிராம். படுத்துக்கொண்டு விளையாடித் தூக்கம் வந்தால் மூக்கில் விழும் (விழுந்திருக்கிறது). உள்ளே இருப்பது முழுமையான கம்ப்யூட்டர். லினக்ஸ் அடிப்படையில் ஓடுகிறது. விண்டோஸுக்காக எழுதிய கேம்களை புரோட்டான் என்ற மென்பொருள் இடையில் நின்று ஓடவைக்கிறது. 2023-இல் ஏசுஸ், லெனோவோ போன்றவர்களும் இதே மாதிரி விண்டோஸோடு கொண்டுவந்தார்கள். ஆன்ட்டியின் மகன் எதைக் கேட்கிறான் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் ஓடுகிற கேம்கள், முப்பது வருடத்துக்கு முந்தையதும் நேற்று வந்ததும், ஒரே கைக்குள் வந்துவிட்டன.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, மறப்பதற்கு முன்னால். சுற்றியுள்ள சூடு 35 டிகிரிக்குள் இருந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும் என்று வால்வ் சொல்லியிருக்கிறது. ஜூன் மாதத்தில் நம் பஸ் நிறுத்தமே அதைத் தாண்டிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு லூலூவுக்குள் போய்விடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகவே ஆகாது.

முதல் வாரம் நாங்கள் வாங்கியது புதிய கேம் எதுவும் இல்லை. கான்ட்ரா.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கட்டைவிரல் துடிக்கும். பாளையங்கோட்டைக்காரியின் மாமா தம்மாமில் இருந்தார். ஒரு லீவுக்கு வரும்போது டாங் பொடி, கோடாலித் தைலம், சென்ட் பாட்டிலோடு டி.வி.யில் செருகுகிற வீடியோ கேம் ஒன்றும் கொண்டுவந்தார். ஜப்பானிய நின்டெண்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான நகல் அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? மஞ்சள் கேசட்டின்மேல் '999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான், பெயரை மாற்றி மாற்றித் திரும்ப வரும். அதில் கான்ட்ரா இருந்தால் அந்தத் தெருவுக்கே ராஜா. தூத்துக்குடிக்காரியின் வீட்டில் கேசட் மட்டும் உண்டு, பெட்டி கிடையாது; கேசட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாளாம். எங்களில் நாகர்கோவில்காரி மட்டும்தான் இதைத் தொட்டதே இல்லை. அவள் வீட்டில் டி.வி.யே பரீட்சை முடிந்தால்தான்.

கொனாமி நிறுவனம் செய்த கான்ட்ரா 1987-இல் கடைத்தெரு இயந்திரங்களுக்கும், 1988-இல் நின்டெண்டோவுக்கும் வந்தது. மூன்று உயிர்தான் கொடுப்பார்கள். ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போய்விடும். ஆனால் தொடக்கத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். இரண்டு பேர் ஆடுவதென்றால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் செலக்ட்டையும் அழுத்தவேண்டும். பள்ளியில் கெமிஸ்ட்ரி சமன்பாடு மறந்துபோனவர்களுக்கும் இது மறக்கவில்லை. இதை உண்டாக்கியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. அவர் 1986-இல் கிரேடியஸ் என்ற வேறொரு கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, தன்னாலேயே முடிக்கமுடியாமல் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. எடுக்க மறந்துபோய் அப்படியே வெளியே வந்துவிட்டது. 2020-இல் அவர் காலமானபோது உலகம் முழுக்க எங்களைப்போன்ற ஆட்கள் துக்கம் கொண்டாடினார்கள்.

2019-இல் கொனாமி பழைய கான்ட்ராக்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது.  இதை ஏன் சொல்கிறோம் என்றால், பழைய கேம் என்றவுடன் "சும்மாவே டவுன்லோட் பண்ணலாமே அக்கா" என்று உங்களில் இரண்டு பேர் எங்களிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. பழையது என்பதால் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடாது. காசு கொடுத்து வாங்க முடிகிறதை வாங்குங்கள். ஜி.ஓ.ஜி. என்ற போலந்துக் கடை 2008-லிருந்து பழைய கேம்களைச் சீர்படுத்தி விற்கிறது. தள்ளுபடி நாட்களில் இரண்டு கரக் டீ விலைக்குக் கிடைக்கும்.

இனி அந்த மோசமான பகுதி.

பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாடியிருக்கிறோம். சார் வெளியே போனதும், நாலு பேர் ஒரு ஸ்டூலில். 1989-இல் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து இளவரசனின் உடலசைவை வரைந்தார். இசை அவருடைய அப்பா. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்கவேண்டும். நாங்கள் தரையிலிருந்து எழும் ஈட்டிகளில் செத்துச் செத்தே ஒன்பதாம் வகுப்பை முடித்தோம். அந்தப் பாரசீகம் என்பது எங்கோ கதையில் வரும் நாடு என்று அன்று நினைப்பு. இன்றைக்கு ராசல் கைமா கடற்கரையில் நின்றால் அக்கரையில் இருப்பது அதுதான்.

அதே வரிசையில் 2024 ஜனவரியில் 'தி லாஸ்ட் கிரவுன்' வந்தது. பாரசீக மொழியிலேயே முழுக் குரலும் உண்டு. ஈரானிலிருந்து வந்து எங்கள் வார்டில் வேலை பார்க்கிற ஒருவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். காஃப் என்ற மலைக்குள் ஒரு பெரிய பாழடைந்த நகரம். ஒவ்வொரு வாசலுக்குப் பின்னாலும் இன்னொரு வாசல். இப்போது போகமுடியாத இடத்தைப் படம்பிடித்து வரைபடத்தில் குத்திவைத்துக்கொள்ளலாம். பிறகு சக்தி கிடைத்ததும் திரும்பி வரலாம். அந்த ஒரு வசதிதான் எங்களுக்கு வினை. குத்திவைத்த படம் 'எப்போ வருவே' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

எங்களில் ஒருத்தி. யார் என்று கேட்காதீர்கள். நான்கு நைட் ட்யூட்டி தொடர்ச்சியாக. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு தோசை சாப்பிட்டு, 'அரை மணி நேரம்' என்று எடுத்தாள். மூன்றாம் நாள் அது மதியம் ஒன்றரையில் முடிந்தது. கனத்த திரையைப் போட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினாலும் வாசல்கள். மூன்று மணி நேரம் தூங்கியிருப்பாள். மாலை ஆறேகாலுக்கு வேன்.

அன்று இரவு மூன்றரைக்கு ஒரு நோயாளிக்கு இன்சுலின் டிரிப் மாற்றவேண்டியிருந்தது. மணிக்கு 1.5 மில்லி. பம்ப்பில் அவள் போட்டது 15.

இன்சுலினுக்கு இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டை அழுத்தவேண்டும் என்பது விதி. பக்கத்து பெட்டிலிருந்து வந்த சகோதரி திரையைப் பார்த்தாள், ஆர்டரைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் எங்கள் ஆளின் கையைப் பிடித்து நகர்த்தினாள். அவ்வளவுதான். மருந்து நோயாளிக்குள் போகவில்லை. ஆனால் போயிருந்தால் என்ன ஆகும் என்பது நர்ஸுக்குத் தெரியும்: வியர்வை, நடுக்கம், மயக்கம், வலிப்பு. தூங்குகிற ஆளுக்கு அதில் பாதி வெளியே தெரியவும் தெரியாது. அவள் தானே உட்கார்ந்து, நடக்க இருந்த தவறு என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'களைப்பு' என்று எழுதினாள். களைப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறோம்.

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருக்கிற ஆளின் கையும் மூளையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ள ஆளைப்போல வேலை செய்கின்றன என்று அளந்து காட்டினார்கள். குடித்துவிட்டு வார்டுக்கு வருவோமா? வரமாட்டோம். நர்ஸிங் காலேஜில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறோம்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. எங்கள் கட்டிலுக்குக் கீழே வருடாந்தர லீவுக்கு வாயைத் திறந்து காத்திருக்கும் பெரிய பெட்டிகள் உண்டு. மாதம் ஒரு சோப்பு, ஒரு சாக்லேட் என்று நிரம்பும். யாருக்கு நைட் ட்யூட்டி தொடங்குகிறதோ அன்று கம்ப்யூட்டர் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். பூட்டின் எண் மற்ற இருவருக்குத்தான் தெரியும். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் 'மனதைக் கட்டுப்படுத்துவோம்' என்று முதல் மாதம் முயன்று பார்த்துவிட்டுத்தான் பூட்டு வாங்கினோம்.

ஆகவே ஆன்ட்டி, கண்ணைப் பற்றி. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது; ஏசி அறையில் கண் காய்ந்து உறுத்தும், தலை வலிக்கும். அவ்வப்போது தலையை நிமிர்த்தி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்தால் அது தீரும். அதைவிட முக்கியமானது, வெளியில் வெளிச்சத்தில் விளையாடாத பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். இங்கே ஆறு மாதம் வெயிலுக்குப் பயந்து பிள்ளைகள் உள்ளேயே இருக்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பார்க்குக்கு விரட்டுங்கள். கேமை வாங்காமல் விட்டாலும் விரட்டுங்கள்.

கட்டைவிரலைப் பற்றி ஒரு வேடிக்கை. 1990-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். நோயாளி நின்டெண்டோவை ஐந்து மணி நேரம் விடாமல் ஆடியதால் கட்டைவிரல் வலியோடு வந்திருந்தார். அந்த வலிக்கு 'நின்டெண்டினைடிஸ்' என்றே பெயர் வைத்தார் டாக்டர். நோயாளி சின்னப் பையன் என்று நினைத்தீர்களா? முப்பத்தைந்து வயதுப் பெண். இதைப் படித்துவிட்டு நாங்கள் மூவரும் அவரவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. நிறைய நேரம் விளையாடுவதை அது நோய் என்று சொல்வதில்லை. நிறுத்தமுடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேமை வைப்பது, கெடுதல் வந்தபிறகும் தொடர்வது. இது வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் நீடிப்பது. பிள்ளை ஒரு சனிக்கிழமை நாலு மணி நேரம் விளையாடினான் என்று பயந்து கவுன்சிலரிடம் ஓடவேண்டாம். சாப்பாடு, தூக்கம், பள்ளி, நண்பர்கள் இவற்றில் எது காணாமல் போகிறது என்று பாருங்கள். எங்களில் ஒருத்திக்குத் தூக்கம் காணாமல் போயிற்று. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

மோசமானதைச் சொல்லியாயிற்று. நல்லதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் பூட்டு வாங்கியதற்குப் பதில் அதை விற்றிருப்போமே.

'வெண்பா' என்று ஒரு கேம் இருக்கிறது. யாப்பிலக்கணம் இல்லை, ஒரு பெண்ணின் பெயர். 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கிற மகன் கவின். டொரோண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்து 2023 ஜூலை 31-இல் வெளியிட்டது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கானது, இதற்குத்தான் கிடைத்தது. மொத்தமே ஒன்றரை மணி நேரக் கதை. சண்டை கிடையாது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன வரியை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்கவேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் ஏறும் என்பதுதான் புதிர். எங்கள் மூவருக்கும் அது புதிராகவே இல்லை, ஐந்து வினாடியில் அடுக்கிவிட்டோம். பக்கத்து ஃப்ளாட் கென்யச் சகோதரி இருபது நிமிடம் போராடி, பிறகு எங்கள் சமையலறைக்கே வந்து இட்லிப் பானையைத் திறந்து பார்த்தாள். புட்டு வந்தபோது நாகர்கோவில்காரி, "புட்டை எனக்கு மெஷின் சொல்லித் தருதாக்கும்!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. கவின் வளர்கிறான். அம்மா தமிழில் கேட்க, அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுக்குப் பள்ளியில் வெட்கப்படுகிறான். முடிவைச் சொல்லமாட்டோம். பாளையங்கோட்டைக்காரி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

அவள் மகனுக்குப் பத்து வயது. பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில் வளர்கிறான். வெண்பாவாவது பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்தாள். இவள் வருடத்தில் முப்பது நாள் அம்மா. மீதி நாளெல்லாம் போனில். இங்கே வாட்ஸ்ஆப்பில் பேசமுடியாது என்பதால் போட்டிம்மில் தினமும் கூப்பிடுவாள். "சாப்பிட்டியா?" "ம்." "ஹோம்வொர்க் முடிச்சியா?" "ம்." "ஆச்சி என்ன செய்றாங்க?" "ஆச்சி, அம்மா ஃபோன்!" அதோடு போன் கைமாறிவிடும். ஒரு நாள் எங்கள் முன்னாலேயே கணக்குப் போட்டாள்: அந்த வாரம் முழுக்க மகன் தன்னோடு பேசியது பதினொரு வார்த்தை. வளைகுடாவில் இந்தக் கணக்கைப் போடாத அம்மா அப்பா நம் சபையில் குறைவு.

அப்போதுதான் எங்களில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த தூத்துக்குடிக்காரி ஒரு வழி சொன்னாள். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற கேமை, ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாக ஆடலாம். ஸ்டீமில் 2019-லிருந்து இருக்கிற வசதி. கேம் ஓடுவது இங்கே, எங்கள் கையில். அதன் படம் மட்டும் வீடியோவாக அங்கே போகும். அங்கே அழுத்துகிற பொத்தான் இங்கே வரும். அவனிடம் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். தாத்தாவின் போனில் ஒரு செயலியும், நாம் அனுப்பும் ஒரு இணைப்பும் போதும். நாங்கள் தேர்ந்தெடுத்தது எது என்று சொல்லவேண்டுமா?

இங்கே நாலு மணி, அங்கே ஐந்தரை. முதல் நாள் குட்டிச்சுவர். படம் திக்கித் திக்கிப் போனது, தாத்தாவுக்கு நடுவில் போன் வந்தது, ஆச்சி "என்னலே சுட்டுத் தள்ளுத, கோயில்ல ஐயர் பார்த்தா என்ன சொல்வாரு?" என்று திட்டினார். இரண்டாம் நாள் அம்மா அந்தப் பழைய மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மேல் மேல், கீழ் கீழ். முப்பது உயிர் வந்ததும் பையன் போட்ட சத்தத்தில் போட்டிம்மே அதிர்ந்தது. "ஒங்களுக்கு இதெல்லாம் எப்பிடிம்மா தெரியும்?"

அதற்குப் பதிலாகத் தம்மாம் மாமா, மஞ்சள் கேசட், அடுத்த தெரு வரைக்கும் நின்ற பிள்ளைகளின் வரிசை என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டே சுட்டான். அன்று எத்தனை வார்த்தை பேசினான் என்று யாரும் எண்ணவில்லை.

மூன்றாம் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். கான்ட்ரா விளையாடியவர்களுக்குத் தெரியும், அது அருவி. பாறைகளில் தாவித் தாவி மேலே ஏறவேண்டும். ஒருவர் ஏற ஏறத் திரையும் மேலே போகும். கீழே பின்தங்கியவர் திரையின் அடிவிளிம்பில் சிக்கிச் செத்துப்போவார். சின்ன வயதில் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டதெல்லாம் இந்த இடத்தில்தான். இங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஷார்ஜாவிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படம் போய், அவன் விரல் திரும்பி வருவதற்குள் ஒரு கணம் கழிந்துவிடும். அவன் எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் எப்போதும் ஒரு பாறை பின்னால்தான். அம்மா பழைய பழக்கத்தில் விறுவிறு என்று ஏறிவிடுவாள். அவன் முப்பது உயிரும் அந்த அருவியிலேயே போயிற்று.

"அம்மா, நில்லுங்கம்மா! நீங்க போய்ட்டீங்கன்னா நான் செத்துருவேன்."

அறையில் நாங்கள் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பாறையிலும் நின்று, மேலிருந்து உருளுகிற கற்களில் அடிபட்டுச் செத்து, திரும்ப வந்து நின்று, "நீ வா, நீ வந்தப்புறம் ஏறுதேன்" என்றாள். அப்படி ஏறியதில் அவள் பக்கம் இருபத்திரண்டு உயிர் செலவு. இரண்டு வாரம் ஆயிற்று அருவியைத் தாண்ட.

ஆன்ட்டியை இந்த வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தோம். இதையெல்லாம் டீ ஆறும்வரை சொன்னோம், இன்சுலின் விஷயம் உட்பட. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அப்போ வாங்கலாமா, வேண்டாமா?" என்றார். வாங்கலாம் என்றோம். படுக்கையறைக்குள் போகக்கூடாது, ஹாலில் சோபாவில் மட்டும். பள்ளி நாளில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் உங்கள் கைப்பையில். முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் பேசி ஆடுகிற கேம் இப்போதைக்கு வேண்டாம். கடை கணக்கில் உங்கள் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். கேம் வாங்குமுன் வயது அடையாளத்தைப் பாருங்கள். இதெல்லாம் அவர் போனில் குறித்துக்கொண்டார். கடைசியாக நாங்கள் சொன்னதைத்தான் குறித்துக்கொள்ளவில்லை: மாதத்தில் நாலு தடவையாவது அங்கிளும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடவேண்டும்.

"நானா? எனக்கு டி.வி. ரிமோட்டே தெரியாது."

"வெண்பாவில் தொடங்குங்க ஆன்ட்டி. இட்லித் தட்டு அடுக்கத் தெரியுமில்ல?"

பையன் சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறவன் அவன். அந்தச் சமையல் நோட்டின் தமிழ் எழுத்தை அவனுக்கு அம்மாதான் வாசித்துக் காட்டவேண்டியிருக்கும். அதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, விளையாடும்போது தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஆட்கள் இப்போது ஐந்தாம் கட்டத்தில் இருக்கிறார்கள். பனி கொட்டும் களம். ஷார்ஜாவில் 43 டிகிரி. பாளையங்கோட்டையில் ஆச்சி மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்திருக்கிறார். அம்மாவும் மகனும் பனியில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பனியை ரெண்டு பேருமே நேரில் பார்த்ததில்லை. நேற்று பாதி தூரம் போனார்கள். இன்று முதல் அவளுக்கு நான்கு நைட் ட்யூட்டி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது, பூட்டின் எண் எங்களிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாலு மணி என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். "ஐந்தரை" என்று அவன் திருத்தினான்.